சார், லாக்அவுட் பண்ணீங்களா?

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டு நாளைக்கு வந்து படித்தாலும் பரவாயில்லை. எங்கே விட்டீர்கள் என்பதை மட்டும் நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விஷயமே அதுதான்.

வழக்கமாக நான் துய்ப்ளே, லாலி, தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் என்று எழுதுவேன். இன்று கம்ப்யூட்டர் வரலாறு. வரலாற்று வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் செய்த ஒரு தவறைப் புரிந்துகொள்ளத்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

2007ஆம் வருஷம், ஜூன் மாதம். பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்களை, பாரதியார் வீதியில் அப்போது இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். வெளியூர்க் கல்வி நிறுவனம் ஒன்று அந்த வருஷம் விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் வாங்கியது. இருவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. நான் ஒரு விரலால் தட்டத் தெரிந்தவன்.

முதல் பெண் தன் விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு உள்ளே போனாள். நான்கு பக்கங்களில் மூன்றை முடித்தோம். டி.டி. எடுத்த பிறகு அந்த எண்ணைக் கடைசிப் பக்கத்தில் போட வேண்டும், அது நாளைக்கு. சேமித்துவிட்டு அவள் எழுந்தாள். அதே நாற்காலியில் இரண்டாவது பெண் உட்கார்ந்தாள். முகவரியை மறுபடி அடித்தேன். எண்ணெல்லாம் கேட்காமல் நேராக விண்ணப்பப் பக்கமே திறந்தது. ‘பரவாயில்லையே, இப்போது வேகமாக வருகிறதே’ என்று நினைத்தேன். கட்டங்களில் முதல் பெண்ணின் பெயர் இருந்தது. பழைய எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அதை அழித்துவிட்டு, இரண்டாவது பெண்ணின் பெயர், மதிப்பெண் எல்லாம் அடித்துச் சேமித்தேன்.

மறுநாள் இரண்டாவது பெண் தன் எண்ணைப் போட்டுத் திறந்தபோது எல்லாக் கட்டமும் காலி. நேற்று அடித்தது எங்கே போனது என்று நாங்கள் யோசிக்கவில்லை. “நெட்டில் ஏதோ கோளாறு” என்று சொல்லி, நானே மறுபடி அடித்துக் கொடுத்தேன். முதல் பெண் தனியாக வந்து, கடைசிப் பக்கத்தில் டி.டி. எண்ணை மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள். முந்தைய பக்கங்களைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, வாத்தியார் அடித்ததாயிற்றே!

சான்றிதழ் சரிபார்க்கும்போது அவள் விண்ணப்பத்தில் பெயரும் ஒத்துப்போகவில்லை, மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை. நிராகரித்துவிட்டார்கள். அவள் ஆசைப்பட்ட படிப்பு போனது. உள்ளூரில் வேறு படிப்பு சேர்ந்தாள். நான் அவள் வீட்டுக்குப் போய், “அவர்கள் வெப்சைட்டில் கோளாறு” என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொல்கிறேன் என்று தெரிந்து சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் பழைய மாணவனிடம் இதை ஒரு கம்ப்யூட்டர் கூத்து மாதிரி சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “சார், முதல் பொண்ணு எழுந்ததும் லாக்அவுட் பண்ணீங்களா?” என்றான். அப்படி ஒரு பட்டன் இருந்தது எனக்கு அன்று தெரியாது. பந்திக்குக் கூப்பிடும் வரை, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினான். மீதியை நான் தேடிப் படித்தேன். படித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

*மறதியோடு பிறந்த வெப்*

ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989 மார்ச்சில் எழுதிய திட்டத்திலிருந்துதான் இன்றைய வெப் வந்தது. பக்கத்தைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரு முறை வேண்டுமே, அதற்கு எச்.டி.டி.பி. என்று பெயர். 1991இல் அது மிக எளிமையாக இருந்தது. ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று பிரவுசர் ஒரே வரி அனுப்பும். சர்வர் பக்கத்தைக் கொடுக்கும், உடனே இணைப்பைத் துண்டிக்கும். அவ்வளவுதான். அடுத்த நொடி நீங்களே திரும்பப் போனாலும் சர்வருக்கு நீங்கள் புது ஆள்.

ஆபீஸ் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். மனு கேட்டீர்கள், குமாஸ்தா கொடுத்தார். நிரப்பி எடுத்துக்கொண்டு போகிறீர்கள். “யார் நீங்க? என்ன வேணும்?” என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு தடவையும் அப்படியே.

இந்த மறதி தெரியாமல் நேர்ந்த பிழை கிடையாது. வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். அன்று வெப்பில் இருந்தவை விஞ்ஞானிகளின் கட்டுரைகளும் செர்னின் தொலைபேசிப் பட்டியலும். பட்டியலில் எண் பார்க்க வந்தவர் யார், நேற்று வந்தாரா என்று எதற்குக் குறித்துவைக்க வேண்டும்? யாரையும் ஞாபகம் வைக்காத சர்வர் ஆயிரம் பேருக்குச் சளைக்காமல் பதில் சொல்லும். நடுவில் அணைந்து மறுபடி எழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

1993 ஏப்ரல் 30 அன்று, வெப்பை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. பிறகு கடைக்காரர்கள் வந்தார்கள். கடைக்கு இந்த மறதி ஒத்துவராது. ஒரு பக்கத்தில் சட்டை எடுத்துக் கூடையில் போட்டு, அடுத்த பக்கத்தில் செருப்புப் பார்க்கப் போனால், சட்டை யார் எடுத்தது என்று கடைக்குத் தெரியாது.

முதலில் ஒட்டு வேலைதான் செய்தார்கள். முகவரியின் வாலில் ஒரு எண்ணை ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் அதைக் கடத்தினார்கள். அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் உங்கள் கூடையும் சேர்ந்து போய்விடும். இன்னொரு வழி, கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் விவரத்தை எழுதிப் படிவத்தோடு அனுப்பி, படிவத்தோடு திரும்ப வாங்குவது. சில கடைகள் பொருளின் விலையையே அப்படி எழுதின. விவரம் தெரிந்தவர் அதைத் திறந்து நூறு டாலரைப் பத்து டாலராக மாற்றி அனுப்பலாம்!

*1994: குக்கி*

1994 ஜூனில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுலி என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான எம்.சி.ஐ.க்கு நெட்ஸ்கேப் ஒரு ஆன்லைன் கடை கட்டிக்கொண்டிருந்தது. வாங்கி முடிக்காதவர்களின் அரைகுறைக் கணக்கையெல்லாம் தன் சர்வரில் வைத்திருக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. அப்படியானால் வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிடலாம் என்று முடிவானது. சர்வர் ஒரு சிறு சீட்டு எழுதிப் பிரவுசரிடம் கொடுக்கும். அடுத்த தடவை அதே சர்வருக்குப் போகும்போது பிரவுசர் அந்தச் சீட்டைத் தானாகக் காட்டும். யூனிக்ஸ்காரர்கள் இப்படிக் கை மாறும் சிறு தகவலை ‘மேஜிக் குக்கி’ என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் குக்கி.

1994 அக்டோபர் 13 அன்று வந்த நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது. ஒரு சீட்டு 4 கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது, ஒரு சர்வருக்கு 20 சீட்டு, மொத்தம் 300 என்று கணக்கு வைத்தார்கள். நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதாவது நாம் உள்ளே வரும்போதே குக்கி காத்துக்கொண்டிருந்தது.

*குடும்பப் புத்தகமும் செருப்பு டோக்கனும்*

மாணவன் இதுவரை சொன்னதும் நான், “தம்பி, இது காரைக்கால்காரனுக்குப் புதுசு இல்லையே” என்றேன். உங்களில் பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பத்தார் இருக்கிறீர்கள். ‘லிவ்ரே த ஃபமீய்’ என்னும் குடும்பப் புத்தகத்தை வீட்டில் பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பீர்கள். கல்யாணம், பிள்ளைகள் பிறப்பு, இறப்பு எல்லாம் அதில் முத்திரையோடு ஏறும். குமாஸ்தா மாறலாம், ஊர் மாறலாம். 1954 நவம்பர் 1 அன்று கொடியே மாறியது. சட்டப்படி கைமாறிய 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புகிறவர்கள் சொல்ல ஆறு மாதம் அவகாசம் இருந்தது. அப்போது யாரிடம் என்ன காகிதம் இருந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊரில் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் புத்தகம் வந்த கதையும் இதற்குப் பொருந்துகிறது. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூனின் கடைசி நாட்களில் நகர மன்றக் கட்டடம் எரிந்தது. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் அங்கே இருந்தன. இன்னொரு பிரதி நீதிமன்றக் கட்டடத்தில் இருந்தது, அதுவும் எரிந்தது. பாரிஸ்காரர்கள் தாங்கள் பிறந்ததையே நிரூபிக்க முடியாமல் தவித்தார்கள். பிறகு 1877இல், பதிவின் ஒரு நகல் குடும்பத்தின் கையிலேயே இருக்கட்டும் என்று இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். குக்கியின் ஒரு வகை அச்சாக இதுதான். விவரம் உங்கள் கையில், முத்திரை அவர்களுடையது. நீங்கள் திருத்தினால் முத்திரை காட்டிக்கொடுக்கும். குக்கியிலும் சர்வர் தன் ரகசிய முத்திரையைக் கணக்குப் போட்டு வைக்க முடியும்.

இரண்டாவது வகைக்குத் திருநள்ளாறு போக வேண்டும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். டோக்கனில் உங்கள் பெயர் இல்லை, செருப்பின் அளவு இல்லை. ஒரு எண் மட்டும்தான். செருப்பு அவர்கள் அலமாரியில் இருக்கிறது. இதற்குப் பெயர் செஷன். குக்கியில் நீளமான ஒரு எண் மட்டும் இருக்கும். கூடை, பெயர், மதிப்பெண் எல்லாம் சர்வரில் அந்த எண்ணுக்கு நேராக இருக்கும். 2000 மே மாதம் வந்த பி.எச்.பி. 4 என்னும் மென்பொருளில் இந்த வசதி கூடவே வந்தது. அதனால் உலகம் முழுக்கச் சின்னச் சின்ன வெப்சைட்டுகளும் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தன.

அன்று பிரவுசிங் சென்டரில் நடந்தது இப்போது புரிகிறதா? முதல் பெண்ணின் டோக்கன் அந்தக் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. நாற்காலியில் ஆள் மாறியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நான் முகவரியை அடித்ததும் அது விசுவாசமாக அதே டோக்கனை நீட்டியது. சர்வரும் விசுவாசமாக முதல் பெண்ணின் அலமாரியைத் திறந்தது. நான் அதில் இருந்ததை அழித்துவிட்டு வேறொருத்தியின் விவரத்தை வைத்தேன். சர்வர் மறக்கவில்லை, வெப்சைட்டில் கோளாறும் இல்லை. லாக்அவுட் என்பது டோக்கனைத் திருப்பிக் கொடுப்பது. நான் கொடுக்கவில்லை.

*ஏன் பாதியில் துரத்துகிறது?*

ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்டில் ஆன்லைன் டிக்கெட் ஆரம்பித்தபோது டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். 2005இல்தான் நாமே அச்சடிக்கும் இ-டிக்கெட் வந்தது. தட்கல் நேரத்தில் பெயர், வயது எல்லாம் அடித்து முடிக்கும்போது ‘செஷன் முடிந்துவிட்டது’ என்று வந்து வயிற்றெரிச்சல் பட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறைய. பின்பக்கம் போகும் பட்டனைத் தொடாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள் என்று பணம் கட்டும் பக்கங்கள் கெஞ்சுவதையும் பார்த்திருப்பீர்கள்.

செருப்புக் கடைக்காரர் ராத்திரி எத்தனை மணி வரை காத்திருப்பார்? அதே கதைதான். வராதவர்களின் அலமாரியைக் காலி செய்யாவிட்டால் இடம் நிறைந்துவிடும். அதோடு, திறந்தே கிடக்கும் கணக்கில் என்னை மாதிரி ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். எனவே கெடு வைக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி.நெட்டில் யாரும் மாற்றாவிட்டால் 20 நிமிடம். பி.எச்.பி.யில் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். வங்கிகள் இன்னும் குறைவாக வைப்பதுண்டு. ஒரு விரலால் தட்டும் என் போன்றவர்களுக்கு 20 நிமிடம் போதாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கெடு யாரோ ஒருவரைக் காப்பாற்றவும் செய்கிறது. 2007இல் அந்தப் பெண்கள் இருவருக்கும் நடுவில் அரை மணி நேரம் டீ குடிக்கப் போயிருந்தால், ஒருவேளை அவள் பிழைத்திருப்பாள்.

*டோக்கன் திருட்டு*

டோக்கனைப் பறித்தவன் செருப்பையும் எடுத்துக்கொண்டு போவான். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்றொரு கருவியை வெளியிட்டார். ஒரே திறந்த வைஃபையில் இருப்பவர்களின் குக்கியைப் பிடித்து, பாஸ்வேர்டு தெரியாமலே அவர்கள் கணக்கில் நுழைய முடியும் என்று காட்டினார். பூட்டில்லாமல் குக்கி போகிறது என்று நிறுவனங்களுக்கு உறைக்கட்டும் என்றுதான் செய்தார். 2011 ஜனவரியில், இதோ நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பேஸ்புக், முழு நேரமும் பூட்டிய இணைப்பில் இருக்கும் வசதியைத் தந்தது. முகவரிக்கு முன்னால் வரும் எச்.டி.டி.பி.எஸ். அதுதான்.

2018 செப்டம்பரில் பேஸ்புக் உங்களில் சிலரைத் திடீரென்று வெளியே தள்ளி, மறுபடி பாஸ்வேர்டு கேட்டிருக்கும். டோக்கன்கள் திருடு போனதாகத் தெரிந்ததும் சுமார் 9 கோடிப் பேரை ஒரேயடியாக வெளியேற்றினார்கள். உண்மையில் திருடு போனது சுமார் 3 கோடி என்று பிறகு சொன்னார்கள்.

*ஞாபகம் வேவாக மாறியது*

ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமாக ஒரு எண் கொடுப்பது மாண்டுலிக்கு இருந்த இன்னொரு வழி. அப்படிச் செய்தால் எல்லா வெப்சைட்டுகளும் ஒரே ஆளைப் பின்தொடர முடியும் என்பதால்தான் அதை ஒதுக்கியதாகப் பின்னாளில் எழுதினார். கொடுத்த சர்வர் மட்டுமே படிக்கும்படி குக்கியை வைத்தார். ஆனால் ஒரு பக்கத்துக்குள் விளம்பரப் படம் வேறொரு சர்வரிலிருந்து வரும். அந்தச் சர்வரும் தன் சீட்டைக் கொடுக்கும். ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் வெப்சைட்டில் இருந்தால் ஆயிரம் இடத்திலும் உங்களை அடையாளம் காணும். பக்கத்துக்குப் பக்கம் கூடையைத் தூக்கிவரச் செய்த ஏற்பாடு, வீதிக்கு வீதி பின்னால் வரும் ஆளாகிவிட்டது.

1996 பிப்ரவரி 12 அன்று லண்டன் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் இப்படி ஒன்று தங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. 1997 பிப்ரவரியில் வந்த முதல் பொது விதிமுறை, மூன்றாம் ஆள் குக்கியை இயல்பாக அனுமதிக்கக் கூடாது என்றது. பிரவுசர் நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆப்பிளின் சஃபாரி 2020இல் முழுக்கத் தடுத்தது. கூகுள் அதே வருஷம் நிறுத்தப்போவதாகச் சொல்லி, பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல் பின்வாங்கியது.

பாரிஸில் இருக்கும் நம் சொந்தங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் குக்கிக்குச் சம்மதமா என்று கேட்கிறது என்று அலுத்துக்கொள்வார்கள். ஐரோப்பியச் சட்டம் அது. சம்மதிக்க ஒரு தட்டு, மறுக்கப் பல தட்டு என்று வைத்ததற்காக, 2022 ஜனவரியில் பிரெஞ்சு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. அடுத்த தடவை அலுத்துக்கொள்ளாமல் மறுக்கும் பட்டனைத் தேடிப்பாருங்கள்.

*கடைசியாக*

பெரியவர்களுக்கு மூன்று விஷயம். பிறர் கம்ப்யூட்டரில், அதிலும் பொதுச் சேவை மையத்தில், வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள். பிரவுசரை மூடினால் மட்டும் போதாது, சில டோக்கன்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீளமான விண்ணப்பமானால் விவரங்களை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். அனுப்பும் முன் முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை திறந்து பாருங்கள், உங்கள் வாத்தியாரே அடித்திருந்தாலும்.

இதை எழுதும் முன் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். நடந்ததை முழுசாகச் சொன்னேன், “தப்பு என்னுடையதும்மா” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அம்மா என்னைத் திட்டியிருக்க மாட்டாங்க சார். நான்தான் கவனமில்லாம தட்டிட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க” என்றாள்.

அவள் அம்மா நான்கு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த வீட்டு உறவினர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று அவள் சொன்னாள், அவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதச் சொன்னதும் அவள்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவள் கவனமாகத்தான் இருந்தாள். தட்டியது நான்.